ஆறுமணிக் குருவிக்குக் கடைசிப் பக்கம்

பறவைப் படம் வரைகிறவனுக்குப் பாதி வேலை வரைவதில் இல்லை. எதை எங்கே உட்கார வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதில்தான். ஒரே தாளில் ஆண், பெண், குஞ்சு, கிளை எல்லாவற்றையும் அடைத்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு தெரியும்.

காற்று

இலங்கையில் கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தோட்டத்தை நிர்வகித்த பெரியதுரை மலைப் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். படம் என் பொறுப்பு. ஒவ்வொரு பறவையையும் மெல்லிய தாளில் வரைந்து கத்தரித்து, பெரிய தாள்மேல் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பேன். இடம் சரிப்பட்ட பிறகுதான் வர்ணம்.

ஒரு நாள் எல்லாம் அடுக்கி முடித்த நேரம், பங்களாவில் சமைக்கும் கருப்பையா அண்ணன் தேத்தண்ணியோடு கதவைத் திறந்தார். அடித்த காற்றில் அத்தனையும் அறை முழுக்கப் பறந்தன. நான் தலையில் கை வைத்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "குருவின்னா பறக்கத்தானேங்க செய்யும்."

காட்டுக்கோழி

துரைக்குச் சேவல் பெரிதாக முன்னால் நிற்க வேண்டும். பேட்டுக்கு இடமில்லாமல் போய், புதருக்குப் பின்னால் தலை மட்டும் தெரிய வைத்தேன். மனைவி இறந்தபின் ஒரே மகள் லெட்சுமியைத் தனியாளாக வளர்த்தவர் கருப்பையா அண்ணன். அவருக்குப் பொறுக்கவில்லை. "புள்ளைய வளக்குறது அதுதாங்க, அதப் போயி ஒளிச்சு வச்சிருக்கீங்களே."

கடைசிப் பக்கம்

காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கூவுகிற ஆறுமணிக் குருவி, குளிர் தொடங்க இந்தியாவிலிருந்து வந்து, சில மாதம் தங்கித் திரும்பிவிடும். வந்து போகிறதுதானே, கடைசிப் பக்கத்தில் போடு என்றார் துரை.

அந்த வாரம்தான் லெட்சுமியின் புருஷனுடைய இலங்கைப் பிரஜாவுரிமை மனுவைத் தள்ளிவிட்டார்கள். இங்கேயே பிறந்தவன்தான்; ஆனாலும் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் என்று அங்கேயே அனுப்புகிறார்கள். பெண்டாட்டி பிள்ளையோடு திருச்சிப் பக்கம் போவதைத் தவிர வழியில்லை. அண்ணனுக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. கூடப் போய் அவர்களுக்குப் பாரமாக இருக்க மனம் ஒப்பவில்லை. நான் வரைந்து வைத்திருந்த குருவியைக் கையிலெடுத்துப் பார்த்தார். "வருசா வருசம் வந்து போகுதே, இதுக்கு யாருங்க காயிதம் குடுக்குறா?"

நாலு பேர்

நாலு பேரும் சேர்ந்திருக்கிற படமொன்றை மகளிடம் கொடுத்தனுப்ப வேண்டுமென்று அண்ணன் கேட்டார். எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். நாலு பேரையும் தனித்தனியாக வரைந்து கத்தரித்தேன். நடுவில் லெட்சுமி, மடியில் குழந்தை, பக்கத்தில் புருஷன், பின்னால் அப்பா. எனக்கே திருப்தியாக இருந்தது.

அண்ணன் தன்னுடைய தாளை மட்டும் எடுத்து என் கையில் வைத்தார். பின்னால் வெறுமையாகத் தெரியுமே என்றேன். "இருக்கட்டுங்க. என்னையப் பாத்தா புள்ள அங்கயும் அழுதுகிட்டேதான் இருக்கும்."

துரையின் புத்தகம் கடைசிவரை அச்சேறவில்லை. அத்தனை வருடம் இடம் பார்த்துப் பார்த்து நான் வரைந்ததில் கடல் தாண்டிப் போனது அந்த மூன்று பேர் படம் ஒன்றுதான்.