கரி நுனி இல்லாத நூல்

என் வீட்டுக்காரர் கார் பந்தயத் திடலில் தையல்காரர். பந்தயம் என்றால் எல்லாருக்கும் சக்கரமும் சத்தமும்தான் நினைவுக்கு வரும். ஓட்டுகிறவர்கள் போடுகிற உடை கிழிந்தால் அதையும் ஒருவர் தைக்க வேண்டுமே, அந்த ஒருவர் இவர். முதலில் கார் சீட்டுகளுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார். கை சுத்தம் என்று யாரோ சொல்லி, திடலுக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்து உட்கார வைத்தார்கள். பத்தொன்பது வருஷம் ஆகிறது.

அந்த அறையில் ஒரு தையல் மெஷின், ஒரு நீள மேசை, நூல்கண்டுகள் வைக்கிற ஒரு அலமாரி. அவ்வளவுதான். "தீப்பிடிக்காத துணிதானே இது?" என்று யாராவது கேட்டால் இவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். "அப்படி ஒரு துணி உலகத்துலயே இல்லைங்க. தீயைக் கொஞ்ச நேரம் வாசல்ல நிக்க வைக்கிற துணி. அதுக்குள்ள ஆளு வெளிய வந்துடணும்" என்பார். மூன்று அடுக்குத் துணி அது. தைக்கிற நூலும் தீ தாங்குகிற நூலாக இருக்க வேண்டும். சாதா நூல் சூட்டில் உருகிவிடும்.

அதனால் புதுக் கண்டு எது வந்தாலும் அதன் நுனியைத் தீக்குச்சியில் காட்டுவார். நல்ல நூல் கருகும், அவ்வளவுதான். சாதா நூல் சுருங்கி மணி மாதிரி உருண்டுவிடும். கருகிய நுனியை வெட்டாமல் அப்படியே தொங்கவிட்டுத்தான் அலமாரியில் வைப்பார். கரி நுனி தொங்காத கண்டைத் தொடக் கூடாது. என் ரவிக்கைக்குக் கொக்கி தைக்கக்கூட அந்த அறைக்குள் வேறு நூல் கொண்டுபோகக் கூடாது. "உங்களுக்கு நான் பெண்டாட்டியா, இல்ல இந்த அலமாரியா?" என்று கேட்டிருக்கிறேன். "அலமாரி கேள்வி கேக்காது" என்றார்.

நான் கூடமாட உதவுவேன். உடைகளை மடிப்பது என் வேலை. ஒவ்வொன்றை மடிக்கும்போதும், கடவுளே, இதைப் போடுகிறவரைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு என்று சொல்லித்தான் மடிப்பேன்.

எங்களிடம் வருகிற ஓட்டுநர்களில் ஒருவருக்குத் தூங்குமூஞ்சி என்று பேர். பந்தயத்துக்கு முன்னால் எங்கள் மேசைமேல் ஏறிப் படுத்து அரை மணி நேரம் குறட்டை விடுவார். எழுந்து போனால் புலி. இவரை அண்ணே என்பார், என்னை அண்ணி என்பார். அந்த வருஷம்தான் முதல் தடவையாக மூன்றாவது இடத்திலிருந்து கிளம்பப் போகிறார் என்று ஒரே சந்தோஷமாக இருந்தார்.

பந்தயத்துக்கு முந்தின நாள் மதியம், அவருடைய குழு மேலாளர் ஒரு புது அட்டையைக் கொண்டுவந்தார். மார்பில் தைக்கிற, கம்பெனி பேர் போட்ட துணி அட்டை. கூடவே ஒரு சிவப்பு நூல்கண்டு. "இதே நிறத்துல தைங்க, நல்லா எடுப்பா தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் அப்போது வேறொருவருக்கு அளவெடுக்கப் போயிருந்தார். பார்த்துப் பார்த்துப் பழகின வேலைதானே, அவருக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று நானே மெஷினில் உட்கார்ந்தேன். பந்தயக்காரர்களே கொடுத்த நூல், தப்பாகவா இருக்கும் என்று நினைத்தேன். சுருக்கம் விழாமல் இருக்க மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடித்து அழகாக ஓட்டினேன். உள் அடுக்கில் துளை விழுந்தால் அது வழியாகச் சூடு இறங்கும் என்று இவர் மேல் அடுக்கில் மட்டும்தான் தைப்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அழகுக்காக அப்படிச் செய்தேன். மடித்து, வழக்கம்போல வேண்டிக்கொண்டு, கொடுத்தும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பந்தயம் தொடங்க இருபது நிமிஷம். அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த இவர் கை நின்றது.

"இது ஏது?"

சிவப்புக் கண்டு. அதில் கரி நுனி இல்லை.

நான் சொன்னேன். அவர் தீக்குச்சியைக் கிழித்து நுனியில் காட்டினார். நூல் நெளிந்து, சுருங்கி, சிவப்பாக ஒரு மணி ஆகி நின்றது.

"எத்தனை அடுக்கு?"

"மூணும்."

அந்த நூல்துண்டை அறுத்துக் கையில் பொத்திக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கார்கள் வரிசையில் நின்றிருந்தன. தூங்குமூஞ்சி உள்ளே பட்டைகளால் இறுக்கப்பட்டு உட்கார்ந்திருந்தார். பாதுகாப்பு அதிகாரி அம்மாவிடம் இவர் மூச்சு வாங்கச் சொன்னார்.

"காலர்ல முத்திரை இருக்கே மாஸ்டர். காலையில பாத்துதானே விட்டேன்?"

"முத்திரை சரிதான் மேடம். முத்திரைக்குக் கீழதான் தப்பு. இதத் தொட்டுப் பாருங்க."

அந்த அம்மா மணியை விரலில் உருட்டினார். "குத்துது" என்றார். இவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு காரைப் பார்த்துக் கை காட்டினார். "இறங்குங்க."

பழைய உடையை மாட்டிக்கொண்டு வருவதற்குள் வரிசையில் இருந்த இடம் போய்விட்டது. எல்லாருக்கும் கடைசியாகத்தான் கிளம்ப வேண்டும். தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு தூங்குமூஞ்சி எங்களைப் பார்த்து, "உங்க ஊசிக்கு என் பொழப்புதான் கெடச்சுதாண்ணே?" என்றார்.

நாலாவது சுற்றில் வேறொருவர் ஓட்டிய எட்டாம் நம்பர் கார் சுவரில் மோதியது. நாங்கள் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தோம். மோதின சத்தம் கேட்டு நான் திரும்புவதற்குள் கார் இல்லை, நெருப்புதான் இருந்தது. என் பக்கத்தில் இவர் மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தார். "ஒம்பது. பத்து. பதினொண்ணு." எனக்கு வேண்டிக்கொள்ளக்கூட வாய் வரவில்லை. பதினாலில் நெருப்புக்குள்ளிருந்து ஒரு ஆள் எழுந்து நடந்து வந்தார். நுரையை வாரி அடித்தார்கள்.

உயிர் பிழைத்தார். மணிக்கட்டில் மட்டும் காயம். மருத்துவ அறையில் கத்தரித்து எடுத்த உடையைச் சாயங்காலம் எங்கள் மேசையில் கொண்டுவந்து போட்டார்கள். மேல் அடுக்கு முழுக்கக் கரி. மார்பு அட்டை அப்பளம் மாதிரி நொறுங்கியது. இவர் தைத்த தையல் மட்டும் கறுத்துப்போய் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. உள் அடுக்கைப் புரட்டினார். வெள்ளை. சலவை செய்த மாதிரி வெள்ளை.

அந்த வெள்ளையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தூங்குமூஞ்சிக்கு இப்படி நேர்ந்திருந்தால், நான் ஓட்டிய ஒவ்வொரு தையலும் அவர் மார்புத் தோலைத் தொட்டுக்கொண்டு இருந்திருக்கும். ஒவ்வொரு துளையிலும் உருகி உள்ளே இறங்கியிருக்கும். வேண்டிக்கொண்டே அதை மடித்திருக்கிறேன்.

தூங்குமூஞ்சி வந்து நின்றார். பதினோராவதாக வந்திருந்தார். கரியையும் வெள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதிகாரி அம்மா காகிதத்தோடு வந்து, "அந்தச் சிவப்பு நூல்ல யார் தைச்சது?" என்று கேட்டார்.

நான் வாய் திறந்தேன். மேசைக்கு அடியில் இவர் கால் என் காலை அழுத்தியது. "நான்தான் மேடம்" என்றார். ஆறு பந்தயத்துக்கு அறைப் பக்கமே வரக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதுவரை ஒரு சொல் வாங்காத மனுஷன்.

அந்த ஆறு பந்தயமும் வீட்டில் திரைச்சீலை தைத்தார். பழக்கதோஷத்தில் அந்த நூலையும் தீக்குச்சியில் காட்டுவார். எதிரில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. "நான் போய்ச் சொல்லிடுறேங்க" என்பேன். "சொன்னா உன்னை உள்ளயே விட மாட்டாங்க. அப்புறம் யாரு மடிப்பா?" என்பார்.

தண்டனை முடிந்து அறையைத் திறந்த அன்று தூங்குமூஞ்சி வந்தார், அந்தச் சிவப்புத் தையல் உடையோடு. பிரித்துக் கொடுக்கச் சொன்னார். துளை விழுந்த துணி இனி எதற்கும் ஆகாது என்றார் இவர். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"தம்பி, அது நான் தைச்சது."

"தெரியும் அண்ணி" என்றார் தூங்குமூஞ்சி. "அண்ணன் தையல் என்னைக்கு இவ்வளவு அழகா இருந்திருக்கு?"

சொல்லிவிட்டு மேசைமேல் ஏறிப் படுத்தார். முன்பெல்லாம் படுத்ததும் குறட்டை கேட்கும். அன்று கண்ணைத் திறந்துகொண்டே கிடந்தார். அலமாரியில் ஒவ்வொரு கண்டாக எடுத்து நான் நுனியைப் பார்த்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கண்டையும் வைத்த பிறகுதான் கண்ணை மூடிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.