பட்டாள அணியும் கண்டனூர் இலையும்

கால்பந்துப் போட்டியில் வரவேற்புக் குழுச் செயலாளர் என்பவர் பந்தைவிட அதிகமாக உதைபடுகிறவர். எந்த விழாவிலாவது சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு வெளியூர்க்காரர்களை வரவேற்க நின்றவர்கள் இதற்கு மேல் விளக்கம் கேட்கமாட்டீர்கள்.

அறுபதுகளின் கடைசி. பி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். நாங்கள் தச்சர்கள். தலைமுறை தலைமுறையாக நாற்காலி செய்த குடும்பம், அதில் உட்கார்ந்து சம்பளம் வாங்கப் போகிறவனாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. காரைக்குடியில் ஆண்டுதோறும் நடந்த கால்பந்துப் போட்டிக்கு ஒரு மில் முதலாளி தலைவர். அந்த ஆண்டு ஒரு ராணுவ அணி வர ஒப்புக்கொண்டிருந்தது. வரவேற்புக் குழுச் செயலாளராக இருக்கும்படி தலைவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பட்டாளத்துக்காரவுகளை உன் பொறுப்புல விடுறேன். ஞாயித்துக்கிழமை ஃபைனல்ல அவுக ஆடுவாகன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. ஒரு குறை வரக்கூடாது. வரலைன்னா, மில் ஆபீஸ்ல ஒரு இடம் இருக்கு. வந்துச்சுன்னா, அந்த இடத்துக்கு வேற ஆள் இருக்கு."

ஆணி வைத்த செருப்பு

வீரர்களைத் தங்கவைக்கக் காரைக்குடிக்குப் பக்கத்தில் கண்டனூரில் ஒரு பெரிய வீடு கிடைத்தது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கிற வீடு. அந்த வீட்டு ஆச்சி, பட்டாளம் வருகிறது என்று கேள்விப்பட்டுச் சென்னையிலிருந்து தாமே வந்து கதவைத் திறந்துவிட்டார். சமையலுக்குக் கல்யாணச் சமையல்காரர்களையே பேசியிருந்தார்.

வீரர்கள் ஆட்ட பூட்ஸோடு லாரியிலிருந்து குதித்து, அதே வேகத்தில் வரிசையாக வாசலை நோக்கி நடந்தார்கள். முகப்பில் ஆச்சி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். மொத்த அணியும் நின்றது. எல்லைப்புறத்தில்கூட அவர்களை இப்படி யாரும் நிறுத்தியிருக்கமாட்டார்கள்.

"வாங்க, வாங்க. பொட்டியெல்லாம் இங்குட்டு வைங்க. அந்த ஆணி வச்ச செருப்பு மட்டும் தெருவுலயே இருக்கட்டும். இது ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரை, உங்க பரேடு மைதானம் இல்ல."

கிளப் பிறந்த கதை

ஆட்டத்துக்கு முன் அணியின் வரலாற்றை மைக்கில் படிப்பதும் என் வேலை. அணியின் மேனேஜர் ஒரு சுபேதார், வேலூர்ப் பக்கத்துக்காரர். அவரிடம் கேட்டேன். வீரதீரங்களாகச் சொல்வார் என்று காத்திருந்தால், கிளப்பை ஆரம்பித்தது ஒரு சமையல்காரர் என்றார். வெள்ளைக்கார அதிகாரிகள் காலத்தில் முதல் கேப்டனும் அவரேதானாம். சோறு போடுகிறவர் பேச்சை யார் தட்டுவது? பத்து பேர் கூப்பிட்டவுடன் ஆட வந்துவிட்டார்கள்.

அவர் போட்ட சட்டம் ஒன்று அன்றுவரை நடைமுறையில் இருந்தது. தட்டில் விழுந்ததை மிச்சம் வைக்கக்கூடாது. வைத்தால் அந்தத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடவேண்டும். இதையெல்லாம் மைக்கில் சொல்லலாமா என்று நான் தயங்கினேன். சுபேதாருக்குத் தயக்கமே இல்லை.

"சொல்லு தம்பி. கோப்பை வரும், போகும். எங்க கிளப்ல இத்தனை வருஷமா தோக்காதது அந்தச் சட்டம் ஒண்ணுதான்."

பந்தி

முதல் ஆட்டம் மறுநாள் மாலை, பக்கத்து ஊரான சாக்கோட்டைப் பையன்களோடு; தோற்றால் அதோடு வெளியே. மைதானத்தைப் பார்க்க சுபேதார் காலையிலேயே காரைக்குடி போய்விட்டார். கண்டனூரில் நண்பகலில் இலை போட்டார்கள்.

கோழிக் குழம்பு, உப்புக்கறி, மீன், வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி. வீரர்கள் சட்டப்படி இலையைக் காலி செய்தார்கள். காலி இலையைப் பார்த்தால் ஆச்சிக்குப் பொறுக்காது. "இலை காயுது பாரு" என்பார், வாளி வரும். பரிமாறியதை வீரர்கள் மறுபடியும் காலி செய்வார்கள். வாளி மறுபடியும் வரும். இரண்டு பக்கமும் ஒழுக்கமானவர்கள். யாரும் பின்வாங்கவில்லை.

போதும் என்று ஆச்சியிடம் சொன்னால் அது குறை. சொல்லாவிட்டால் நாலரை மணிக்கு இவர்கள் ஓடவேண்டும். சென்டர் பார்வர்டு ஒரு பஞ்சாபி. அவர் காதில், போதுமென்றால் இலையை மடித்துவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இலையில் இருந்த இரண்டு பணியாரத்தைக் காட்டினார். சட்டம். அவற்றைத் தின்றுவிட்டு மடிக்கக் கையைக் கொண்டுபோனார். அதற்குள் நாலு பணியாரம் விழுந்துவிட்டது. வாளியோடு நின்ற பரிமாறுகிறவர் பரவசமாக என்னைப் பார்த்தார்.

"எத்தனையோ கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டாருக்குப் போட்டிருக்கேன் தம்பி. இப்படி வளைஞ்சு குடுக்காத பந்தியை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

ஆட்டம்

மைக்கில் வரலாற்றைப் படித்து முடித்தேன். கூட்டம் கைதட்டியது. நடுவர் விசில் ஊதினார். அதன் பிறகு ராணுவ அணியின் பக்கம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. சென்டர் பார்வர்டு பந்தை மரியாதையோடு வழியனுப்பிக்கொண்டிருந்தார். கோல்கீப்பர் குனியவேண்டிய இடத்தில் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் பந்து வலைக்குள் இருந்தது. டீயும் பன்னும் சாப்பிட்டு வந்திருந்த சாக்கோட்டைப் பையன்கள் இரண்டு கோல் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனலும் மில் ஆபீஸ் நாற்காலியும் சேர்ந்து போவதை மைக் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார்.

"தம்பி, அந்த வரலாறை இன்னொரு தரம் படிங்க. இந்த வாட்டி எங்ககிட்ட இல்ல, அவுக பக்கம் திரும்பிப் படிங்க."

விசாரணை

தலைவர் என்னையும் சுபேதாரையும் மில்லுக்கு வரச்சொன்னார். என்னை உட்காரச் சொல்லவில்லை. "வரவேற்புல என்ன குறை?" என்று சுபேதாரைக் கேட்டார். அவர் ஒரு சொல் தவறாகச் சொன்னால் போதும், நான் வீட்டுக்குப் போய் இழைப்புளியைத் தேடி எடுத்து மரம் இழைக்கவேண்டியதுதான்.

"குறை ஒண்ணும் இல்லீங்க. இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீ தடுத்திருக்கலாம்ல?" நடந்ததை நடந்தபடி சொன்னேன்: "ஆச்சிகிட்டச் சொன்னாக் குறையாயிருமேன்னு பயந்தேன். ஒருத்தர்கிட்ட மட்டும் இலையை மடிக்கச் சொல்லிப் பார்த்தேன். வாளியை முந்த முடியலை."

தலைவர் சிரிக்கிற ஆள் இல்லை. அன்றைக்கும் சிரிக்கவில்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. சுபேதார் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"அடுத்த வருஷமும் வர்றோங்க. எங்களை எங்கனாச்சும் பள்ளிக்கூடத்துல படுக்கப் போட்டுடுங்க. அந்த வீட்டுச் சாப்பாட்டை மட்டும் எங்களோட முதல்ல ஆடப்போற அணிக்குப் போடுங்க. பக்கத்துல இந்தத் தம்பியே நிக்கட்டும்."

மறு வருஷம்

அப்படியே நடந்தது. எனக்கு வேலையும் கிடைத்திருந்தது, ஆபீசில் அல்ல, மில் கேண்டீன் மேற்பார்வையில். தலைவர் கணக்கில் அதுதான் என் அனுபவம்.

மறுபடியும் முதல் ஆட்டம் சாக்கோட்டையோடு. பையன்களைக் கண்டனூருக்கு அழைத்துப்போகும்போது மனசு உறுத்தியது. நேர்மை கெடக்கூடாது என்று அவர்களுடைய கேப்டனைத் தனியே கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொல்லி, முதல் பரிமாறலிலேயே இலையை மடித்துவிடச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தான். அவனுக்கு எந்தச் சட்டமும் இல்லை, தமிழும் தெரியும், இலையை மடிக்கவும் தெரியும். ஆனாலும் மடிக்கவில்லை. மாலையில் ஐந்து கோல் வாங்கிவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அண்ணே, அடுத்த வருசமும் எங்களுக்கு இதே வீடுதானே?"

அந்த ஆண்டு கோப்பையை ராணுவ அணிதான் கொண்டுபோனது. அந்தக் கிளப்பின் வரலாற்றை யாராவது முழுதாக எழுதினால், சமையல்காரர் கேப்டனுக்கு அடுத்தபடியாகக் கண்டனூர் ஆச்சியைப் பயிற்சியாளர் வரிசையில் சேர்க்கும்படி முன்னாள் வரவேற்புச் செயலாளர் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.