கற்பிட்டித் தெருவில் பூட்டிய வாங்குகள்

கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்கப் போகிறவர்கள் இதையும் வாசித்துவிட்டுப் போங்கள். நான் போனது வேலைக்கு. பெப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் தெருவொன்றை வாகனங்களுக்கு மூடி, சனங்கள் நடக்கவும் இருந்து கதைக்கவும் விடுவது என்று திட்டம். அதற்கான வாங்குகளை, அதாவது பெஞ்சுகளை, வடிவமைத்தவன் நான். பலகைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் வாங்கு தயார்.

கொழும்பிலிருந்து புத்தளம் பஸ்ஸில் வந்து, பாலாவியில் இறங்கி வேறு பஸ் ஏற வேண்டும். பிறகு நாற்பது கிலோமீற்றர் அளவில் உப்பளமும் காற்றாலையும் வெங்காயத் தோட்டமும்தான். வெயில் மண்டையைப் பிளக்கும். தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் ஏறாதீர்கள்.

வெள்ளி பின்னேரம் வாங்குகளைப் பூட்டினோம். அந்தத் தெருவில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் பலீல் நானாவும் கைகொடுத்தார். ஒராள் நுழைய மட்டும் இடம் விட்டு, தெருவாயிலை மறித்து வாங்குகளை வரிசையாகக் கோத்து, தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களோடு இறுக்கியபோது அவர் முகம் மாறியது.

"தம்பி, உள்ளுக்கு வீட்டில என்ட ராத்தா சொகமில்லாம படுத்து ஈக்கிறா. திடீரெண்டு என்னமும் எண்டா வழி வேணுமே."

"பயப்படாதீங்க நானா, அக்காவுக்கு என்னமும் எண்டா ரெண்டு நிமிசத்தில கழட்டலாம்" என்று கழற்றியும் காட்டினேன். களவு போகக்கூடாதென்று சாதாரண ஸ்பேனருக்கு அசையாத திருகாணிகளைப் போட்டிருந்தோம். அவற்றைக் கழற்றும் சாவிகள் இரண்டில் ஒன்று கொழும்பில், மற்றது என் பையில். அதை நானாவிடம் கொடுக்க வேண்டுமென்று இந்த மரமண்டைக்குத் தோன்றவே இல்லை.

பின்னேரம் வரை வேலையில்லை என்று சனி காலை கண்டக்குழியில் படகேறினேன். ஏழுக்குப் போனால் பத்துக்குத் திரும்பலாம். டொல்பின்கள் கூட்டமாக வந்தன. கடலில் சிக்னல் இல்லை. கரைக்கு வந்ததும் போன் நிறைய எட்டு மணிக்குப் பிறகு வந்த நானாவின் அழைப்புகள், கடைசியில் ஒரு மெசேஜ். ராத்தா விடியச் சுபஹோடு மௌத்தாகிவிட்டார், காலையிலேயே அடக்கம்.

த்ரீவீலரில் பறந்து வந்தேன். தெரு வெறிச்சோடியிருந்தது. வாங்குகள் அப்படியே நின்றன.

"மையத்த வெச்ச சந்தூக்க தோள்ல தூக்கிக்கிட்டு இதுல வந்து நிண்டாங்க," என்றார் பக்கத்துக் கடைக்காரர். "பொடியன்மார் சம்மட்டி எடுத்தாங்க. நானாதான் உட இல்ல. வந்த ஆக்கள்ட சாமான், ஒடைக்க வேணாம் எண்டாரு. திரும்பி களப்புக் கரையால மையவாடிக்கு அடக்கப் போனாங்க. அந்தப் பக்கம் முழங்கால் மட்டும் சேறு."

நானா திரும்பி வந்தபோது அவர் சாரம் முழுக்கச் சேறு. பையில் சாவியைத் தேடினேன்.

"இப்ப அவசரமில்ல தம்பி," என்றார். "மையத்து போயிட்டு."

டொல்பின் பார்க்க நவம்பர் தொடக்கம் மார்ச் வரை நல்லது. காலையில் போங்கள், பிறகு காற்று எழும்பிவிடும். தெருவில் சாமான் வைக்கப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. அந்தத் தெருக்காரரால் வெறுங்கையால் கழற்ற முடியாத எதையும் வைக்காதீர்கள். களவு போனால் போகட்டும்.

அன்று தெருவிழா நடக்கவில்லை. திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நானா வந்தார்.

"வீட்ட ஆக்கள் வந்து நிக்கிறாங்க, கதிரை காணாது. இதுல நாலு தாங்களேன்."

நானே தூக்கிப்போய் அவர் முற்றத்தில் பொருத்திக் கொடுத்தேன். வந்தவர்கள் அவற்றில் இருந்தார்கள். நானா என்னையும் இருக்கச் சொன்னார். என்னால் இருக்க முடியவில்லை.