சவுரியப்பனின் நாற்பத்திரண்டு சுற்று

காபியைக் குடித்து முடித்ததும் சவுரியப்பன் டம்ளரைக் கீழே வைக்கமாட்டான். கவிழ்த்துப் பிடித்து, அடிப்பக்கத்தை நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டுவான். காதருகே கொண்டுபோய்ச் சத்தத்தைக் கேட்பான். பிறகு அடிவட்டத்தைக் கட்டைவிரலால் அளப்பான். "கெட்டி எவர்சில்வருங்க பெரிம்மா. எந்தக் கடையில எடுத்தது?" என்று கேட்டுவிட்டால், அந்த டம்ளரை நான் அன்றோடு மறந்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் பேருக்கு ஒரு வேலி. என் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் நான் போலீஸிடமும் சொல்வதில்லை, சாமியிடமும் சொல்வதில்லை. நேராக அவன் வீட்டுப் பின்பக்கத்துக் கொட்டகைக்குப் போய்ச் சுவரைப் பார்ப்பேன். ஆணி ஆணியாகத் தொங்கும். ஆனால் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடாது. என் குழம்புக் கரண்டி அங்கே தலை தட்டையாகி, காம்பு கொக்கியாகி, நடுவில் ஓட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது. "இது என் கரண்டிடா" என்றேன். "கரண்டியா இருந்துச்சுங்க" என்றான், செத்துப்போனவரைப் பற்றித் துக்கம் விசாரிக்கிற குரலில். யார் என்ன சொன்னாலும் சரி, அது இன்றைக்கும் என் கரண்டிதான்.

அவனுக்கு வயது ஐம்பத்து நான்கு. மாரண்டஹள்ளியில் தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை. விடிந்ததும் இடுப்புயர இரும்புச் சாவி ஒன்றை மொபெட்டில் கட்டிக்கொண்டு கிளம்புவான். தெருமுனைக் குழிக்குள் சாவியை இறக்கி, வால்வில் மாட்டி, இரண்டு கையாலும் திருகுவான். குழிக்குள் சேறும் தண்ணீருமாக இருக்கும். வால்வு கண்ணுக்குத் தெரியாது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகளை எண்ணுவதுதான் அவன் வழக்கம். மேட்டுத் தெருவுக்குப் பதினாறு சுற்று, பள்ளத் தெருவுக்குப் பதினொன்று. எண்ணும்போது குறுக்கே பேசியவருக்கு அன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். வால்வு இறுகிப்போயிருந்தால் அதற்கு அவன் அறிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. சாவியின் பிடியில் இன்னொரு பைப்பைச் செருகி நீளமாக்குவான். அதிலும் அசையாவிட்டால் அதற்கும் மேல் ஒரு பைப். உலகத்தில் எது திறக்கவில்லை என்றாலும் அவனுக்குப் பிடி நீளம் போதவில்லை என்றுதான் அர்த்தம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பாலக்கோட்டில் ஒரு டாக்டரின் பழைய வீட்டை இடித்தார்கள். அங்கே ஷெட்டில் முப்பது வருஷமாக நின்ற காரை இவன் டிராக்டரில் கட்டி இழுத்து வந்தான். ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று அதற்குப் பெயராம். ஒரு காலத்தில் வெண்ணெய் நிறமாக இருந்ததாம்; வந்தபோது பல் துலக்காதவன் பல்லின் நிறம். அதன் மூக்கு, விளக்கு, முன்சக்கரத்து மூடி எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முதல் தடவை அவன் அதைத் திறந்து காட்டியபோது என் கோழி பயந்துபோய் நான்கு நாள் முட்டையிடவில்லை.

"இத வச்சு என்னடா பண்ணப்போற?" என்று கேட்டேன்.

"ஊருக்கே தண்ணி தெறந்து வுடுறேங்க பெரிம்மா. இன்னிவரைக்கும் ஒருத்தன் என் மூஞ்சியப் பாத்ததில்ல, கொழாயத்தான் பாக்கறான். இதுல ஒக்காந்து சந்தைக்குப் போனா பாப்பானா, மாட்டானா?"

பார்ப்பான்தான்.

அது அந்தக் காலத்து இன்ச் கணக்கில் செய்த கார். இங்கே கடையில் விற்கும் ஸ்பானரில் ஒன்று நட்டுக்குப் பெரிதாக இருக்கும், அடுத்தது சிறிதாக இருக்கும். ஸ்பானர் மேலேயே நம்பர் போட்டிருக்கிறதாம். எனக்கு நம்பரும் தெரியாது, எழுத்தும் தெரியாது. ஆனால் நட்டு வழுக்கும்போது அவன் வாயிலிருந்து வரும் வார்த்தையை வைத்தே அது எவ்வளவு பெரிய நட்டு என்று சொல்லிவிடுவேன். இன்ச் ஸ்பானர் செட்டாகவே ஓசூரில் கிடைக்கும் என்று ஒரு மெக்கானிக் சொல்லிப் பார்த்தார். "அது எல்லார்கிட்டயும் இருக்குமே" என்றான் இவன்.

அப்படித்தான் மாட்டு லாடம் ஸ்பானரானது. சைக்கிள் கம்பி, ஸ்பிரிங்கை இழுக்கும் கொக்கியானது. அவன் பெண்சாதி தெரசாவின் பழைய அடுப்பிலிருந்த மூன்று கால் தாங்கி, எதையோ பிடுங்கும் யந்திரமானது. என்ஜினில் தீப்பொறி விடும் பிளக்கின் வாயில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று பார்க்க இவன் கல்யாணப் பத்திரிகை வைத்திருக்கிறான். கெட்டி அட்டையில் தங்க எழுத்துப் போட்ட பணக்கார வீட்டுப் பத்திரிகை பிளக்குக்கு. இல்லாதவர் வீட்டுப் பத்திரிகை, இன்னும் சின்ன இடைவெளி வேண்டிய, பொறிக்குக் கரண்டு அனுப்பும் பாயிண்டுக்கு. யார் வீட்டிலாவது கல்யாணம் என்று தாம்பூலத் தட்டோடு வந்தால், மாப்பிள்ளை யார் என்று கேட்கமாட்டான். அட்டையை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "இது பாயிண்டுக்கு ஆவும்" என்பான். வந்தவர்கள் வாழ்த்து என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

கொட்டகை அவனுடையது இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அது தெரசா பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகை. வருஷத்தில் ஏழெட்டு முறை குஞ்சுப்புழு வாங்கி வந்து, மல்பெரி இலை போட்டு வளர்த்துக் கூடு கட்டவைத்து விற்கிறவள். பாதிக் கொட்டகையைக் கார் பிடித்துக்கொண்டதை மூன்று வருஷம் பொறுத்தாள். போன முறை புழு வளர்ந்துகொண்டிருந்தபோது இவன் ஒருநாள் என்ஜினைக் கிளப்பினான். முன்பக்கத்தில் பெல்ட் மாட்டிய சக்கரமான புல்லிக்குப் பின்னாலிருந்து எருமை மூத்திரம் பெய்கிற மாதிரி ஆயில் அடித்துத் தரையெல்லாம் ஓடிற்று. ரப்பர் வளையம் ஒன்று மக்கிப்போயிருந்ததாம். தெரசா இரண்டு நாள் கழுவினாள். அப்படியும் அந்த முறை புழு இலையைத் தொடவில்லை. பாதிப் புழுவைக் குழி வெட்டிப் புதைத்தாள்.

புதைத்துவிட்டு வந்து, மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "அடுத்த புழு புதன்கெழம வருது. கொட்டாய கழுவிப் பிளீச்சிங் போட்டு மூணு நாள் காயவுடணும். சனிக்கெழம காலையில இது தானா என்ஜின் போட்டு வெளிய வரணும். ஒரு சொட்டு ஆயிலு தரையில வுழக்கூடாது. தள்ளிக்கினு வந்து வாசல்ல நிறுத்திக் கோழிக்கூடாக்குற வேலையெல்லாம் ஆவாது. ஓடுனா காரு, ஓடலேன்னா இரும்பு. முருகேஷுக்குப் போன் பண்ணிட்டேன்."

முருகேஷ் என்பவன் காரிமங்கலத்துப் பழைய இரும்பு வியாபாரி. கேஸ் கட்டரோடுதான் வருவான்.

ரப்பர் வளையத்தை மாற்றப் புல்லியைக் கழற்ற வேண்டும். புல்லியைக் கழற்ற அதன் நடுவிலுள்ள பெரிய நட்டைக் கழற்ற வேண்டும். அந்த நட்டுக்கென்றே போர் பைப்பின் நுனியைத் தட்டித் தட்டி வாயமைத்து, குறுக்கே கம்பி பற்றவைத்து ஒரு சாவி செய்தான். தெருமுனையில் திருகுகிறானே, அதே சாடை. என்ஜின் தலையிலிருந்த பிளக்கையெல்லாம் கழற்றித் துடைத்து வைத்திருந்தான். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ரேடியேட்டரை எடுத்த இடத்தில் குந்தி, சாவியை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டான். நான் தக்காளிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் அசையவில்லை. ஒரு பைப்பைச் செருகினான். அசைந்தது. அப்புறம் சரசரவென்று போயிற்று.

"முப்பத்தொம்பது... நாப்பது... பேசாதீங்க பெரிம்மா... நாப்பத்தொண்ணு..."

நான் வாயே திறக்கவில்லை.

நாற்பத்திரண்டில் கண்ணைத் திறந்தான். முகமெல்லாம் பல். "நாப்பத்திரண்டு சுத்துங்க! எவ்ளோ நீள மரை பாருங்க. இப்பல்லாம் எவன் இப்படிச் செய்வான்?"

பிளீச்சிங் வாளியோடு வாசலில் நின்ற தெரசா கேட்டாள். "யோவ், நட்டைக் கழட்டுனா காத்தாடி எதுக்குய்யா சுத்துது?"

இவன் திரும்பிப் பார்த்தான். சாவியைக் கால் சுற்றுத் திருப்பினான். என்ஜின் முன்னாலிருக்கிற காற்றாடியும் அதோடு கூடவே திரும்பியது. விட்டான். அதுவும் நின்றது. நட்டு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. பிளக் இல்லாத என்ஜின் தடங்கல் ஏதும் இல்லாமல் முழுசாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இவன் கண்ணை மூடிக்கொண்டு அதை எண்ணியிருக்கிறான்.

"நாப்பத்திரண்டு சுத்துக்கு மாரண்டஹள்ளி பூரா வெள்ளம் வந்திருக்கும்டா" என்றேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை.

அவன் சிரிக்கவில்லை. "புடி நீளம் பத்தல" என்று எழுந்து அடுத்த பைப்பைத் தேடினான்.

தெரசா வாளியைக் கீழே வைத்தாள். "நீளத்துல என்னய்யா இருக்குது? களி கிண்டறப்ப பானைய யாரு புடிக்கறது?"

அவனுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? எங்கள் பக்கத்தில் களியை அடுப்பில் வைத்தே கிண்டுவோம். கவைக்கோல் என்று இரண்டு கிளை பிரிந்த குச்சி ஒன்று உண்டு. அந்த இரண்டு கிளையையும் பானைக் கழுத்தில் கொடுத்து, அடிமுனையைக் காலால் மிதித்துக்கொண்டால்தான் பானை அசையாது. துடுப்புப் போட்டுக் கிண்ட முடியும். இல்லையென்றால் பானையும் களியும் சேர்ந்து சுற்றும், கட்டி உடையாது. ஐம்பத்து நான்கு வருஷமாகத் தட்டு நிறையக் களி தின்றவன் ஒரு நாள்கூடக் கிண்டியதில்லை. அப்படிப்பட்டவனால்தான் கண்ணை மூடிக்கொண்டு நாற்பத்திரண்டு எண்ண முடியும்.

தெரசா உள்ளே போய்க் கவைக்கோலைக் கொண்டுவந்தாள். புல்லியில் இரண்டு ஓட்டை இருந்தது. கிளைக்கு ஒன்றாக அதில் நுழைத்து, "இது பானை, அது களி. இப்பத் திருகு" என்றாள். திருகினான். மடக்கென்று ஒரு சத்தம். ஒடிந்தது கவைக்கோல்.

"நல்லாருக்குது. இனிமே களி எதுல கிண்டறது, உன் கால வச்சா?"

அவன் காதில் அது ஏறவே இல்லை. ஒடிந்த கவையைக் கையில் வைத்துக்கொண்டு வேலியின் மேல் என் வீட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தான். அங்கே என் வீட்டுக்காரரின் சைக்கிள் துருப்பிடித்துச் சாய்ந்து கிடந்தது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரும்பு, கீழே இரண்டாகப் பிரிந்து கவை மாதிரியேதான் இருக்கிறது. அன்றைக்குத்தான் நானும் அதைக் கவனித்தேன்.

"பெரிம்மா..." என்று இழுத்தான். மூன்று வருஷத்தில் அவன் கேட்டு எடுக்க நினைத்த முதல் பொருள் அது.

"அந்தச் சைக்கிள்ல அவரு என்னத் தவிர ஊர்ல எல்லாரையும் ஏத்திக்கினு போயிருக்காரு. அறுத்துக்கோ" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் திறந்துவிட்டு வந்து அறுத்தான். இரண்டு நுனியையும் காய்ச்சித் தட்டி ஓட்டைக்குத் தோதாக வளைத்தான். புல்லியில் நுழைத்ததும் அதன் கழுத்துப் பக்கம் வண்டியின் அடிச்சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. இந்த முறை கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். காற்றாடியையே பார்த்துக்கொண்டு திருகினான். காற்றாடி சும்மா இருந்தது. டொக்கென்று நட்டு விட்டது. யாரும் எண்ணவில்லை. புதிய ரப்பர் வளையத்தைக் கோணாமல் உள்ளே இறக்க, ஒரு டம்ளரின் அடியை அதன் மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டினான். கெட்டி எவர்சில்வர் டம்ளர். எந்தக் கடையில் எடுத்தது என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே முருகேஷ் மினி லாரியைக் கொண்டுவந்து, கொட்டகையிலிருந்து வாசல் சரிந்து இறங்குகிற இடத்தில் நிறுத்திவிட்டான். "ஆயா, சட்டுனு முடிச்சுடலாமா? வெயிலு ஏறிடும்" என்றான் என்னிடம், நான் என்னவோ அடக்கத்துக்கு வந்த பாதிரியார் மாதிரி.

சவுரியப்பன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். உள்ளே உட்கார்ந்தான். கார் இருமியது, துப்பியது, கொட்டகை முழுக்கப் புகை. பிறகு ஒரே உறுமலாக ஓட ஆரம்பித்தது. தெரசா குனிந்து அடியில் பார்த்தாள். தரை காய்ந்தே இருந்தது. கார் பின்பக்கமாக மெதுவாக நகர்ந்து, வாசற்படியைத் தாண்டி வெயிலுக்கு வந்தது. வந்ததும் என்ஜின் பொசுக்கென்று அணைந்தது.

கார் நிற்கவில்லை. சரிவில் தானாக உருண்டது. பிரேக் என்பது அவன் கணக்கில் அடுத்த வருஷத்து வேலை. "மாதாவே! அந்தோணியாரே! செபஸ்தியாரே!" என்று பிரேக்கைத் தவிர எல்லாரையும் கூப்பிட்டான். முருகேஷ் தன் லாரியை நோக்கி ஓடினான். தெரசா தண்ணீர்த் தொட்டியோரம் கிடந்த ஆட்டுக்கல் குழவியை வாரித் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, பின்சக்கரத்துக்குக் கீழே தள்ளினாள். கார் ஏறப்பார்த்து, முடியாமல், லாரிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

முருகேஷுக்கு மூச்சு வாங்கியது. "என்ஜினு நின்னுபோச்சேக்கா. பாதி தானா வந்துச்சு, பாதி சரிவுல வந்துச்சு. நீங்க சொன்ன பேச்சுப்படி பாத்தா இது இரும்புதான். ஏத்திக்கட்டுமா?"

சவுரியப்பன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி கண்ணாடி வழியாகத் தெரசாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தெரசா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு துணி துவைக்கிற இடத்துக்குப் போனாள். அங்கிருந்து இன்னொரு கல்லைப் புரட்டி எடுத்து, இடுப்பில் தாங்கிக்கொண்டு வந்து, முன்சக்கரத்துக்கும் அண்டைகொடுத்து, குதிகாலால் இரண்டு உதை உதைத்து இறுக்கினாள். "லாரிய எடுப்பா. காருக்கு வழி வேணும்" என்றாள்.