தம்மாம் அத்தர்க் கடையின் நிறுவனர் பக்கம்

வெப்சைற் செய்கிற தொழிலில் கணினி சொன்னபடி கேட்கும். சொல்ல வருகிற ஆட்களோடுதான் மாரடிக்க வேண்டும். "லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிசாக்குங்கோ" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம் நகரில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் எங்கள் கந்தோர். முதலாளியைச் 'சேர்' என்போம். டிசைனுக்குக் குருநகர் ஜெனிற்றா, மற்ற எல்லாவற்றுக்கும் நான். வெளிநாட்டுச் சனத்துக்கு மரண அறிவித்தலும் நினைவஞ்சலியும் செய்து இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்த இடம் அது. அப்போதுதான் சவூதியில் ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார். தம்மாமில் அத்தர்க் கடை. அங்கே கணக்குப் பார்க்கிற வல்வெட்டித்துறைக் குகன் அண்ணை பிடித்துத் தந்தது. மூன்று மாதம் வேலையைப் பார்ப்பார்களாம், பிடித்தால் வருட ஒப்பந்தமாம். பிடிக்காவிட்டால் உங்களில் ஒருவரை வேலையிலிருந்து நிற்பாட்டுவேன் என்று சேர் சொல்லிவிட்டார். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் ஜெனிற்றா. அவளுடைய சம்பளத்தில்தான் அவர்கள் வீட்டில் உலை கொதித்தது.

செலவும் முதலீடும்

வாடிக்கையாளருக்கு முன்னால் சேரின் வாயில் 'செலவு' என்ற சொல் வராது. வெப்சைற் என்றால் முதலீடு. அத்தர்க் கடை முதலாளியின் மகனோடு வீடியோவில் கதைத்த முதல்நாள் அரை மணித்தியாலம் இதையே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் திருப்பித் திருப்பிச் சொன்னார். எனக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்த கால் உடைந்த கதிரை மட்டும் செலவுக் கணக்கில் சேர்ந்தது. அதனால் அதை மாற்றவில்லை.

மகன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் சொந்த வெப்சைற்றைக் காட்டுங்கள்" என்றான். நான் வேலைக்கு வந்த நாள் முதல் எங்கள் வெப்சைற்றில் 'விரைவில் எதிர்பாருங்கள்' என்ற ஒரு வரிதான் இருக்கிறது. சேர் இணைப்பு அறுந்ததுபோலக் கமராவை மூடினார். எங்களுக்கும் ஒன்று செய்தால் என்ன என்று கேட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்துச் சொன்னார்: "டொக்டர் தனக்குத் தானே ஊசி போடுறவரே, தங்கச்சி?"

நல்ல நேரம்

வெப்சைற்றைத் திறக்கிற நாள் வந்தது. மகன் மத்தியானமே தன் ஆட்களுக்கெல்லாம் அறிவித்துவிட்டான். இங்கே சேர் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் ராகுகாலம் முடிந்து கொஞ்ச நேரத்தில் தம்மாமின் ராகுகாலம் தொடங்குகிறது, இரண்டிலும் படாமல் திறக்க வேண்டும் என்றார். அந்த இடைவெளி வந்ததும் கற்பூரம் கொளுத்தினோம், கரண்ட் போனது. அத்தர் வாங்க வந்த அரபிச் சனம் முழுவதும் வெறும் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கரண்ட் வந்தபோது தம்மாம் ராகுகாலம் தொடங்கியிருந்தது. அது முடியும்வரை பொறுக்கச் சொன்னார் சேர். ஜெனிற்றா சிரிக்காமல் சொன்னாள்: "சேர், சேர்வர் கிடக்கிறது ஜேர்மனியிலை. அங்கத்தை ராகுகாலத்தையும் ஒருக்காப் பாருங்கோ."

இரண்டு வெற்றிடம்

ஒருவழியாக வெப்சைற் திறந்தபின், கடையைத் தொடங்கிய தகப்பனுக்கு ஒரு தனிப் பக்கம் வேண்டும் என்று மகன் கேட்டான். நியாயமான ஆசை. வெள்ளைத்தாடியோடு நல்ல களையான கிழவர். புதிதாக ஒன்று வரைய ஜெனிற்றாவுக்கு இரண்டு நாள் போதும். சேர் விடவில்லை. "எங்களிட்டை அந்தமாதிரி டிசைன் ஒண்டு கிடக்கு" என்று நினைவஞ்சலிக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார்.

முட்டை வடிவச் சட்டம், இரண்டு பக்கமும் சுடர் ஆடுகிற குத்துவிளக்கு. பாவம் ஜெனிற்றா, கறுப்புக் கரையைப் பொன்னிறமாக்கினாள், குத்துவிளக்கை எடுத்துவிட்டுச் சாம்பிராணித் தட்டு வைத்தாள். படத்துக்குக் கீழே ஆண்டு போட இரண்டு வெற்றிடம், நடுவில் ஒரு கோடு. முதலாவதில் கிழவர் பிறந்த ஆண்டைப் போட்டாள். மற்றதை அழிக்கப் போக, சேர் தடுத்து, இந்த வருடத்தைப் போடு, வெப்சைற் புதுசு என்று தெரியும் என்றார். "உப்பிடிப் போட்டால் ஆள் செத்த மாதிரியெல்லோ சேர் கிடக்கும்" என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில் இது: "உது எங்கடை சனத்துக்குத்தான் அப்பிடித் தெரியும். அரபிக்காரருக்கு என்ன தெரியும்?"

குகன் அண்ணையின் அழைப்பு

அரபிக்காரருக்கு எல்லாம் தெரிந்தது. அடுத்தநாள் காலை குகன் அண்ணை எடுத்தார். "தங்கச்சி, உங்கை என்னத்தைச் செய்து வைச்சிருக்கிறியள்? உயிரோடை இருக்கிற மனிசனுக்கு அலுவல் முடிச்சுப் போட்டியளே. இஞ்சை என்ரை வேலையும் போகப்போகுது." பின்னால் மகன் கத்துவது கேட்டது. நான் அந்த ஆண்டை உடனே எடுத்தேன். அதற்குள் பக்கத்தைப் படம் பிடித்து ஆளுக்காள் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள்.

சேர் தொலைபேசியை வாங்கி, மகனிடம் கொடுக்கச் சொல்லி, கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: புதிதாக வந்த பிள்ளை ஜெனிற்றா செய்த பிழை, அவளை நிற்பாட்டுகிறேன். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று நினைத்தேன். நான் மறுத்துச் சொல்வதற்குள் தொடர்பைத் துண்டித்துவிட்டார். ஜெனிற்றா மேசை லாச்சியைத் திறந்து சீப்பையும் செபமாலையையும் பையில் போட்டாள். படியில் இறங்கும்போது என்னிடம் சொன்னாள்: "அக்கா, செத்தவைக்குச் செய்யேக்கை ஒருத்தரும் எங்களை ஏசேல்லை."

துக்கம் விசாரிக்க வந்தவர்கள்

நாலைந்து நாள் கழித்துக் குகன் அண்ணை திரும்ப எடுத்தார். குரலில் சிரிப்பு. அந்தப் படத்தைப் பார்த்துத் துக்கம் விசாரிக்கச் சனம் கடைக்குத் திரண்டு வந்ததாம். பழைய வாடிக்கையாளர், சண்டை பிடித்துப் போன சொந்தக்காரர், எல்லோரும். தான் சாகவில்லை என்று காட்டக் கிழவர் வாசலிலேயே கதிரை போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கு அரபுக் கோப்பியான காவா ஊற்றி, கையில் அத்தர் பூசி அனுப்பினாராம். வந்தவர் ஒருவரும் ஒன்றும் வாங்காமல் வெறுங்கையோடு திரும்பவில்லையாம். பக்கத்தைச் செய்தது யாரென்று கிழவர் கேட்க, சேர் சொன்னபடியே மகன் ஜெனிற்றாவின் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

ஒப்பந்தம் வந்தது. அந்தப் பிள்ளைதான் வேலை செய்ய வேண்டும் என்று அதில் எழுதியும் இருந்தது. சேர் தானே மோட்டார் சைக்கிளில் குருநகருக்குப் போய் ஜெனிற்றாவைக் கூட்டிவந்தார். சேரின் அந்த முகத்தை நான் கண் நிறையப் பார்த்தேன். கிழவர் சொல்லி அனுப்பியதைக் குகன் அண்ணை எங்கள் தமிழில் சொன்னார்: "செத்தால்தான் இவ்வளவு சனமும் கடைக்கு வருமெண்டால், நான் வருசத்துக்கு ஒருக்காச் சாகிறன். பக்கத்தை அந்தப் பிள்ளையே செய்யட்டும்."

இப்போது புது வாடிக்கையாளர்களுக்குத் தன் 'டிஜிட்டல் சந்தைப்படுத்தல் உத்தி' என்று சேர் அரை மணித்தியாலம் விளக்குவதெல்லாம், தம்மாமில் ஒரு கிழவர் சாகாமல் இருந்ததைத்தான்.