பெயர் மாறிய டிஸ்க்

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற திமிர் எனக்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டிருந்தேன். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் எச்.டி.ஏ.; யு.எஸ்.பி.யில் செருகும் டிஸ்க்கின் பெயர் எஸ்.டி.ஏ. மாதக் கடைசி ஞாயிறன்று எஸ்.டி.ஏ.வை முழுவதும் அழித்துவிட்டு, வீட்டு ஃபைல்களை அதில் புதிதாக நகலெடுப்பேன். அதற்காக நான் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட் மூன்று வருடம் பிசகாமல் ஓடியது.

என் மனைவி மாலதி அதே கம்ப்யூட்டரில் கன்னட நாவல் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். "அப்பப்ப பிரிண்ட் எடுத்து வெச்சுக்கறேங்க" என்றாள்.

"பேப்பர் தண்டம். நான்தான் பேக்கப் எடுக்கறேன்ல" என்றேன்.

ஒரு மாதக் கடைசி ஞாயிறு காலை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பித்தேன். மெஷின் நன்றாகவே கிளம்பியது. வழக்கம்போல ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். புதிய கெர்னலில் உள் டிஸ்க்கின் பெயரே எஸ்.டி.ஏ. ஆகிவிட்டது எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது அழிந்துகொண்டிருந்தது அதுதான்.

வெளி டிஸ்க்கில் போன மாதத்து நகல் தப்பித்தது. அந்த மாதம் அவள் முடித்த மூன்று அத்தியாயங்கள் போய்விட்டன.

"பேர் மாறும்னு புது கெர்னலோட ரிலீஸ் நோட்ஸ்ல போட்டிருந்தாங்களே குரு, படிக்கலையா?" என்றான் ஆபீஸ் நண்பன். அத்தனை பக்கத்தை எவன் படிக்கிறான்? மாலதி திட்டவில்லை. "பேப்பர் மிச்சம்" என்றாள்.

இப்போதெல்லாம் பெயரை நம்பி நான் எதையும் அழிப்பதில்லை. டிஸ்க்கின் அளவையும் சீரியல் எண்ணையும் பார்த்த பிறகே கை வைக்கிறேன். மாலதியிடம் இதை விளக்கிப் பார்த்தேன். அவள் காதில் வாங்கவில்லை. கோடு போட்ட நோட்டில் பேனாவால் எழுதுகிறாள். எழுதி முடித்ததும் அதைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறாள்.