விளக்கு மங்குகிறதா என்று பார்த்தவள்

பத்து வயதில் நான் பெரிய பொறாமைக்காரி. அதை ஒப்புக்கொள்ள இப்போது எனக்கு வெட்கமில்லை.

செனாவாங் தொழிற்சாலைகளுக்கு இரவு ஷிஃப்ட் போன எங்கள் தோட்டத்து அம்மாக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கான பின்னலை முதல் நாள் சாயங்காலமே போட்டுவிடுவார்கள். காலையில் வேன் அவர்களைக் கொண்டுவந்து விடுவதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். அதனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்பிள்ளைகள் எல்லாரும் ரிப்பன் கட்டிய தலையோடுதான் தூங்கினோம். அம்மா என்னை முன்னால் உட்கார்த்தி, எண்ணெய் தேய்த்து, அவசரமே இல்லாமல் வாரிவிடுவாள். அப்பா லோரி ஓட்டிக்கொண்டு பாதி நாள் வெளியூரில். ஆக, ஒரு நாளில் அம்மா முழுசாக எனக்கு என்று இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

அப்போதுதான் கோலா கிளாவாங்கில் சித்தி இறந்துபோனாள். சித்தி மகள் ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னைவிட ஆறு மாதம் சின்னவள், வாயே திறக்காதவள். அன்றிலிருந்து அம்மாவின் முன்னால் இரண்டு தலைகள்.

எனக்கு ஒரு மேசை விளக்கு இருந்தது. அம்மா அதே மாதிரி இன்னொன்று வாங்கி வந்தாள். முன்வீட்டுக் கூடத்தில் இருந்ததோ ஒரே ஒரு பிளக் பாயிண்ட். தொழிற்சாலையில் ராத்திரி முழுக்க வயரோடு பழகுகிற கை அல்லவா, ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து இரண்டு விளக்குகளையும் அதில் மாட்டிவிட்டாள்.

அந்த வாரம் பார்த்து அறிவியல் ஆசிரியர் இணைச் சுற்று நடத்தினார். பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் சந்தியில் இரண்டாகப் பிரிந்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் போகும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். நான் கேட்கவில்லை. பிரிந்து போகும் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. என் விளக்கின் பாதியைச் சித்தி மகள் எடுத்துக்கொள்கிறாள்! இதை மட்டும் அம்மாவுக்குக் காட்டிவிட்டால், மற்றதெல்லாம் அவளுக்கே விளங்கிவிடும் என்று நினைத்தேன்.

தினமும் சித்தி மகள் தன் விளக்கைப் போடும்போது என் விளக்கையே உற்றுப் பார்த்தேன். அது மங்கவே இல்லை.

"என்னாடி, வெளக்கையே மொறச்சிக்கிட்டு இருக்க?" என்பாள் அம்மா.

ஒரு மத்தியானம் நல்ல மழை. செம்பனை மட்டைகளில் விழுந்து வழிகிற சத்தத்தில் லயமே தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளறையில் அம்மாவும் தூங்கினாள். வீட்டுக்குள் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல ஒரு பச்சை வெளிச்சம். எல்லாம் மிதந்துகொண்டிருந்ததாகத்தான் இன்றும் எனக்கு ஞாபகம்.

ஒரு விளக்கு போதவில்லை, நிறையப் பேர் பங்கு கேட்டால்தான் குறைவது தெரியும் என்று எனக்கு யோசனை வந்தது. அதே எக்ஸ்டென்ஷன் வயரில் தண்ணீர்க் கெட்டிலை மாட்டினேன். அயர்னை மாட்டினேன். "ஒன் வெளக்கப் போடு" என்றேன். சித்தி மகள் ஏன் என்றுகூடக் கேட்காமல் போட்டாள்.

அப்போதும் என் விளக்கு சாதுவாக எரிந்தது. அவளுடையதும் அப்படியே. நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கெட்டில் முனக ஆரம்பித்தது. பிறகு கருகல் வாசம்.

சுவர் ஓரமாகப் போன வயர் கொழகொழவென்று இளகி, பிளக்கிலிருந்து புகை வந்தது. அம்மா எப்போது எழுந்தாள், எப்படி வந்தாள், தெரியாது. "தள்ளுங்க ரெண்டு பேரும்" என்று எங்களை ஒதுக்கிவிட்டு, சுவிட்சைத் தட்டி, பிளக்கை வெறுங்கையால் பிடுங்கினாள். உருகிய பிளாஸ்டிக் இரண்டு விரல்களில் ஒட்டிக்கொண்டது.

"நான்தான் பெரியம்மா மாட்டுனேன்" என்றாள் சித்தி மகள். வந்த நாளிலிருந்து அவள் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான். பாவி, நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அம்மா என்னைத்தான் பார்த்தாள். "யாரு மாட்டுனா என்னா லா. யாருக்கும் ஒன்னும் ஆவல இல்ல?" என்று சொல்லிவிட்டு விரல்களில் பற்பசையைத் தடவிக்கொண்டாள்.

ஆசிரியர் அன்று சொல்லி நான் கேட்காமல் விட்டதைப் பதினாறு வயதில், படிவம் நான்கில்தான் ஒழுங்காகப் படித்தேன். இணைச் சுற்றில் ஒரு விளக்கு இன்னொன்றின் பங்கை எடுப்பதில்லை. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதை முழுசாக வாங்கிக்கொள்ளும். அத்தனையையும் சேர்த்துச் சுமந்து வருவது சந்திக்கு முன்னால் இருக்கிற அந்த ஒற்றை வயர். சூடாவதும் அதுதான். அன்று வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. சித்தி மகள் வந்த பிறகும் என் தலைக்குக் கிடைத்த நேரம் குறையவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு எழுந்துகொண்டிருந்த அம்மா, ஐந்து மணிக்கே எழ ஆரம்பித்திருந்தாள்.

வயர் உருகிய அன்று சாயங்காலமும் அம்மா லீவு போடவில்லை. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு வழக்கம்போல எங்களை முன்னால் உட்கார்த்தினாள். முதலில் எனக்கு, பிறகு அவளுக்கு. ஒவ்வொரு பின்னலுக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னினாள். வெளியே வேன் ஹாரன் அடித்தது. "இரு லா, வந்துட்டேன்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவளுடைய ரிப்பனையும் கட்டி முடித்துத்தான் எழுந்தாள்.

அம்மா போனதும் நான் கண்ணாடியை எடுத்து வந்து, எங்கள் இரண்டு பின்னல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாருடையது இறுக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.